தில்லி தள்ளிவைத்த புகை

போன நவம்பரில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து என் மாமா வந்திருந்தார். நிஜாமுதீன் ரயில் நிலையத்தில் அவரை ஏற்றிக்கொண்டு மீரட் விரைவுச்சாலை வழியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். மங்கல் வெளிச்சத்தில் தெரிந்த ஒரு மேட்டைக் காட்டிக் கேட்டார்: “ஏண்டா, தில்லி தட்டையான பூமின்னுதானே சொன்னே. அது என்ன குன்னு?”

“குன்னு இல்ல மாமா. குப்பை.”

காஜிப்பூர் குப்பைக் கிடங்கு அது. 1984இல் தொடங்கியது; 2002இலேயே கொள்ளளவு நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகும் கொட்டிக்கொண்டே போனதில் 2019இல் உயரம் 65 மீட்டரைத் தொட்டது. குதுப்மினாருக்கு ஏழெட்டு மீட்டர்தான் குறைவு. 2017 செப்டம்பரில் அதில் ஒரு பகுதி சரிந்து இரண்டு பேர் இறந்துபோனார்கள். அக்கம்பக்கத்தில் அதைக் ‘கூடே கா பஹாட்’ என்கிறார்கள், குப்பை மலை. ஆட்டோக்காரருக்கு வழி சொல்லும்போது கோயில், பள்ளிக்கூடம் போல அதுவும் ஓர் அடையாளம்.

மறுநாள் காலை மாமா இரண்டாவது கேள்வியைக் கேட்டார். ஜன்னலுக்கு வெளியே எதிர்வரிசைக் கட்டடம் தெரியவில்லை. தொலைக்காட்சியில் பஞ்சாப் வயல்கள் எரிந்துகொண்டிருந்தன. பராலி, பராலி என்று ஒரே கூச்சல். பராலி என்றால் நெல்தாள் என்று சொன்னேன். “வைக்கோலையா எரிக்கிறாங்க? வைக்கோலை எவனாவது எரிப்பானா?”

நியாயமான கேள்விதான். காவிரிப் படுகையில் வைக்கோல் போர் ஒரு சொத்து. மாட்டுக்குத் தீனி, விற்றால் காசு. அறுப்பு மிஷின் வந்த பிறகும், பின்னாலேயே கட்டு கட்டும் மிஷின் வந்து உருட்டி எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. பத்து நிமிடத்தில் அவருக்குப் பதில் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். முடியவில்லை. பஞ்சாபில் தொடங்கிய பேச்சு எங்கள் வீட்டு ஏ.சி.யில் வந்து நின்றது.

பஞ்சாபியின் தட்டில் விழுவது ரொட்டி. 1960-61இல் அங்கே நெல் விளைந்த பரப்பு 2.27 லட்சம் ஹெக்டேர்தான். இன்று சுமார் 30 லட்சம். இந்த மாற்றத்தை எந்த விவசாயியும் தன் வரப்பில் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு காத்திருந்த காலத்துக்குப் பிறகு, ரேஷன் கடைகளுக்குத் தானியம் வேண்டும் என்று தில்லியில்தான் முடிவானது. ஆதார விலை வந்தது, உணவுக் கழகத்தின் கொள்முதல் வந்தது. பிறகு சண்டிகரில் இருந்தவர்கள் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் கொடுத்தார்கள். நெல்லும் கோதுமையும் போட்டால் அரசு வாங்கிக்கொள்ளும். மக்காச்சோளமோ பருப்போ போட்டால் வியாபாரியின் தயவு. இந்த நிலையில் நீங்களாக இருந்தாலும் நெல்தான் நடுவீர்கள்.

நெல் நட்டதில் நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போனது. 2009இல் பஞ்சாப் ஒரு சட்டம் போட்டது: ஜூன் 10க்கு முன்னால் நடவு கூடாது. தண்ணீருக்கு அது நல்ல சட்டம். ஆனால் நடவு தள்ளினால் அறுவடையும் தள்ளும் என்பது என் மாமாவுக்கு விளக்க வேண்டிய விஷயமில்லை. அக்டோபர் கடைசியில் அறுவடை, நவம்பர் நடுவில் கோதுமை விதைப்பு. இடையில் இரண்டு மூன்று வாரம். அதற்குள் சுமார் 2 கோடி டன் தாளை வயலை விட்டு எடுத்தாக வேண்டும். அங்கே மாட்டுக்குக் கோதுமைத் தாளைத்தான் பொடித்து, ‘தூடி’ என்று போடுகிறார்கள். நெல்தாளில் சிலிக்கா அதிகம் என்று அதைத் தீனியாகப் போடும் வழக்கமில்லை. ஆள் வைத்து எடுக்கக் கூலி கட்டாது. மிஷின் எடுத்தால் வாடகையும் டீசலும் கட்டாது. தீப்பெட்டி மட்டும்தான் கட்டுப்படியாகிறது. அந்த இரண்டு மூன்று வாரத்தில்தான் காற்று வடமேற்கிலிருந்து மெல்ல வீசத் தொடங்கி, குளிர்ந்த காற்று மூடி போட்டாற்போலத் தரையோடு படியத் தொடங்குகிறது.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு. பஞ்சாபில் பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்த நெல் ரகத்தின் பெயர் பூசா-44. மகசூல் அபாரம். ஆனால் விதைத்ததிலிருந்து அறுக்க 155, 160 நாள் ஆகும். அதாவது, அறுவடைக்கும் கோதுமைக்கும் நடுவே இருக்கும் அவகாசத்தை இன்னும் நெருக்கும். அந்த ரகத்தைத் தந்தது தில்லி பூசா வளாகத்தில் இருக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். 1993இல் வெளியானபோது கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் என்றே அது பரிந்துரைக்கப்பட்டது. பஞ்சாப் விவசாயிகள் தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள். தாளைச் சீக்கிரம் மட்க வைக்கும் நுண்ணுயிர்க் கரைசலும் அதே பூசா வளாகத்திலிருந்துதான் பிறகு வந்தது. தில்லிக்காரர்கள் பஞ்சாபை நோக்கிக் கைநீட்டும்போதெல்லாம், கரோல்பாக்கிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் அந்த வளாகம் எனக்கு நினைவுக்கு வருகிறது. குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. தீயின் மறுமுனை எங்கே இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஏறக்குறைய ஒரு மாதம் முன்னதாக விளையும் பி.ஆர்.-126 போன்ற ரகங்களைப் பஞ்சாப் இப்போது முன்னிறுத்துகிறது. அரிசி தேறவில்லை என்று 2024இல் ஆலைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். விவசாயி நடுவில் மாட்டிக்கொண்டார். இருந்தும், செயற்கைக்கோள் கணக்கில் பஞ்சாபின் தீ நிகழ்வுகள் 2023இல் 36,663 ஆக இருந்தது 2024இல் 10,909 ஆகக் குறைந்தது. செயற்கைக்கோள் கடந்துபோன பிறகு சாயங்காலம் கொளுத்துகிறார்கள் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. அதனால் எண்ணிக்கை விழுந்த அளவுக்குப் புகை விழுந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. ஆனால் வேறொன்றைக் கவனியுங்கள். டிசம்பர் பாதியில் பஞ்சாபில் எரிக்க எதுவும் மிச்சமில்லை. கோதுமை முளைத்து வயல் பச்சையாக இருக்கும். அப்போதும், ஜனவரியிலும், தில்லியின் ஆனந்த் விகாரில் மூச்சு முட்டுகிறது. அது யாருடைய புகை?

இதற்குத் தில்லி கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் எதையெல்லாம் தன் எல்லைக்கு வெளியே அனுப்பியது என்று பார்க்க வேண்டும்.

1992 மே மாதம் உச்ச நீதிமன்றம் தில்லியிலும் சுற்றுப்புறத்திலும் இருந்த கல் உடைக்கும் கிரஷர்களை மூடச் சொல்லி, ஹரியானாவின் பாலி கிராமத்தில் அவற்றுக்கு இடம் காட்டியது. 1996 ஜூலையில் 168 அபாயகரமான தொழிற்சாலைகள் நவம்பர் 30க்குள் நகரத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்டது. இரண்டுமே வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்குகள். செங்கல் சூளைகள் போயின. குடியிருப்புகளில் இருந்த சிறு ஆலைகளை நகரத்தின் வடமேற்கு மூலையான பவானாவுக்கும் நரேலாவுக்கும் ஒதுக்கினார்கள். ராஜ்காட் அனல்மின் நிலையம் 2015இல் நின்றது. 1973 முதல் எரிந்துகொண்டிருந்த பதர்பூர் நிலையம் 2018 அக்டோபரில் நிரந்தரமாக மூடப்பட்டது. இன்று தில்லிக்குள் நிலக்கரி எரிக்கும் மின் நிலையம் ஒன்றுகூட இல்லை. தில்லியின் வருமானத்தில் 5இல் 4 பங்குக்கும் மேல் சேவைத் துறையிலிருந்து வருகிறது. அலுவலகம், வங்கி, கடை, மருத்துவமனை, அரசாங்கம். புகைபோக்கி இல்லாத ஊர் என்று பெருமைப்பட எல்லாத் தகுதியும் இருக்கிறது.

இந்தத் தீர்ப்புகளை நான் குறை சொல்லவில்லை. குடியிருப்பு நடுவே அமிலத் தொட்டி வைத்திருந்ததைக் கண்டவர்கள் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 2002 முடிவதற்குள் பேருந்துகள் அனைத்தையும் சி.என்.ஜி.க்கு மாற்ற வைத்ததும் நீதிமன்றம்தான். அதற்கு முந்தைய கரும்புகை நாட்களை ஐ.டி.ஓ. சந்திப்பில் நின்றவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். என் மனத்தாங்கல் வேறு. ஆலையை அனுப்பிய தில்லி, ஆலை செய்த பொருளை வாங்குவதை நிறுத்தவில்லை.

மெட்ரோ கட்டினோம், மேம்பாலம் கட்டினோம், துவாரகாவையும் ரோகிணியையும் கட்டினோம். ஜல்லி வேண்டியிருந்தது. அது ஆரவல்லியிலிருந்து வந்தது. தார்ப் பாலைவனத்தின் புழுதிக்கும் தில்லிக்கும் நடுவே இருக்கும் ஒரே தடுப்பு அந்தப் பழைய மலைத்தொடர். 2002இலும் 2009இலும் ஹரியானாப் பகுதியில் உச்ச நீதிமன்றம் சுரங்கத்துக்குத் தடை போட்டது. 2018இல் ராஜஸ்தான் பகுதியில் 31 குன்றுகள் காணாமல் போய்விட்டன என்ற அறிக்கை அதே நீதிமன்றத்துக்கு வந்தது. செங்கல், ஜஜ்ஜர் சூளைகளிலிருந்தும் பாக்பத் சூளைகளிலிருந்தும் லாரி ஏறி வந்தது. குளிர்காலத்தில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசினாலும் அது ஒரு சூளையைக் கடந்துதான் நம்மிடம் வருகிறது.

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூன் 19 அன்று தில்லியின் மின்தேவை 8,656 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அதில் என் வீட்டு ஏ.சி.யும் உண்டு. ஹரியானாவின் ஜஜ்ஜரில் 1,500 மெகாவாட் அனல் நிலையம் ஒன்று இருக்கிறது. அதை நடத்தும் கூட்டு நிறுவனத்தில் என்.டி.பி.சி.க்குப் பாதி; ஹரியானாவுக்குக் கால்; மீதிக் கால் தில்லி அரசின் மின் நிறுவனத்துக்கு. பதர்பூரை மூடிப் பூங்கா அமைக்கிறோம். ஜஜ்ஜரில் பங்குதாரராக இருக்கிறோம். நிலக்கரி ஆலைகள் கந்தகப் புகையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற விதி 2015 டிசம்பரில் வந்தது. இரண்டே ஆண்டில் செய்து முடிக்கச் சொன்னது. கெடு நீண்டது, மறுபடி நீண்டது. 2025 ஜூலையில் வந்த அறிவிப்பு நாட்டின் பெரும்பாலான ஆலைகளுக்கு அந்தக் கந்தகக் கருவியிலிருந்தே விலக்குக் கொடுத்துவிட்டது. தலைநகர் மண்டலத்தையும் பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களையும் ஒட்டியவற்றுக்கு 2027 கடைசி வரை அவகாசம். ஆலைக்காரர்களுக்குக் கிடைத்த இந்தப் பொறுமையில் நூற்றில் ஒரு பங்கு கூடத் தீக்குச்சி உரசிய விவசாயிக்குக் கிடைக்கவில்லை. அவருக்கு அபராதம், வழக்கு, நில ஆவணத்தில் சிவப்புக் குறி.

கார்க் கதை இதைவிடச் சுலபம். பத்து வயதான டீசல் வண்டியும் பதினைந்து வயதான பெட்ரோல் வண்டியும் தில்லிச் சாலையில் ஓடக்கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தடையில்லாச் சான்று வாங்கி வேறு மாநிலத்தில் விற்பதற்கு ஒரு சந்தையே உருவாகிவிட்டது. கரோல்பாக் பழைய வண்டிக் கடைகளில் போய்க் கேட்டுப் பாருங்கள். நம்முடைய பழைய புகை இன்று ஏதோ ஒரு சின்ன ஊரின் பள்ளி வாசலில் நின்றுகொண்டிருக்கும். அங்கே காற்றை அளக்க மானி ஏது?

ஆற்றுக்கு வருவோம். யமுனையின் ஓட்டத்தில் தில்லிக்கு மேலே பானிபட். பணக்கார நாடுகள் கழித்துப்போட்ட கம்பளித் துணிகளைப் பிரித்து, அரைத்து, நூலாக்கிக் கம்பளி நெய்யும் ஊர். வெள்ளமோ பூகம்பமோ வந்தால் நிவாரணத்துக்குப் போகும் மலிவுக் கம்பளிகளில் பெரும்பங்கு அங்கே நெய்ததாகவே இருக்கும். சாயப் பட்டறைகளும் இருக்கின்றன. ஆற்றுநீரில் அமோனியா ஏறும்போதெல்லாம் வஜீராபாத், சந்திராவல் சுத்திகரிப்பு நிலையங்கள் திணறுகின்றன. பாதித் தில்லிக்குக் குழாய் வறண்டுவிடும். அன்று ஹரியானாவைத் திட்டுவோம். வஜீராபாதிலிருந்து ஓக்லா வரை யமுனை தில்லிக்குள் ஓடுவது 22 கிலோமீட்டர். ஆற்றின் மொத்த நீளத்தில் 2 சதவீதம் கூட இல்லை. யமுனையில் சேரும் அழுக்கில் முக்கால் பங்கு இந்த 22 கிலோமீட்டரில்தான் சேர்கிறது. மதுராவிலும் ஆக்ராவிலும் இருப்பவர்களுக்கு நாம்தான் பானிபட்.

நகரத்துக்குள்ளேயே ஒரு வெளியூர் உண்டு. தூக்கிப்போட்ட கைபேசியும் கணினியும் சீலம்பூர்ச் சந்துகளுக்குப் போகும். அங்கே பெண்களும் பிள்ளைகளும் கூடச் செம்புக் கம்பியைப் பிரிக்கிறார்கள். பிளாஸ்டிக் முண்ட்காவுக்கு. இரும்பு மாயாபுரிக்கு. 2010இல் மாயாபுரியில் நடந்ததை இப்போது யாரும் பேசுவதில்லை. தில்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் 1985 முதல் தொடாமல் கிடந்த காமாக் கதிர்க் கருவி ஒன்று பழைய சாமான் ஏலத்தில் போனது. உள்ளே கோபால்ட்-60. மாயாபுரிப் பழைய இரும்புக் கடையில் அதை உடைத்துப் பிரித்தார்கள். பலருக்குக் கதிர்வீச்சுப் புண். ஒரு தொழிலாளி ஏப்ரல் கடைசியில் இறந்துபோனார். நாட்டின் பெயர்பெற்ற பல்கலைக்கழகமே தான் கழித்த பொருள் எங்கே போகும் என்று கேட்கவில்லை. நாம் கேட்கிறோமா?

இதைப் படிக்கும் சென்னைக்காரர்கள் ‘தில்லி அப்படித்தான்’ என்று தலையாட்டிவிட்டுப் போக வேண்டாம். தென்சென்னை விளக்கு எரிய எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் கொட்டியது. வடசென்னையின் கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கு காஜிப்பூருக்கு அக்கா.

ஆனால் தமிழ்நாட்டில்தான் எனக்குப் பிடித்த ஓர் எடுத்துக்காட்டும் இருக்கிறது, குறைகளோடு. திருப்பூர்ச் சாயநீர் நொய்யலில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்தவர்களின் கிணறுகளையும் தென்னைகளையும் சாகடித்தது. பனியனை மாட்டிக்கொண்ட ஐரோப்பியருக்கு ஒரத்துப்பாளையம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஊரே முடங்கியது. பிறகு நடந்ததுதான் முக்கியம்: பட்டறைகள் கூட்டாகச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தின, மாநில அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது, ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் நீரைத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்குப் பெரும்பாலோர் மாறினார்கள். திருட்டுப் பட்டறைகள் இன்றும் இருக்கின்றன. நொய்யல் தெளிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘வேறு ஊருக்குப் போ’ என்பதைத் தவிர இன்னொரு விடையும் உண்டு என்று அந்த ஊர் காட்டியது. செலவைப் பங்கு போட்டுக்கொண்டது.

லண்டனும் அப்படித்தான் தப்பித்தது. 1952 டிசம்பரில் ஐந்து நாள் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் செத்த பிறகு, 1956இல் சட்டம் வந்தது. வீட்டுக் கணப்பில் கரி எரிக்கக்கூடாது என்று தடை விதித்ததோடு அந்தச் சட்டம் நிற்கவில்லை. கணப்பை மாற்றும் செலவில் 10இல் 7 பங்கைப் பொதுப்பணத்திலிருந்து வீட்டுக்காரருக்குத் திருப்பிக் கொடுத்தது. மிச்சம் 3 பங்கு அவருடையது. தடையும் பணமும் ஒரே உறையில் வந்ததால் மக்கள் கேட்டார்கள்.

நம்மிடம் உறை இருக்கிறது. பணம்தான் இல்லை. தலைநகர் மண்டலத்துக்கென்றே காற்றுத் தர மேலாண்மை ஆணையம் ஒன்று 2020இல் அவசரச் சட்டமாகவும் 2021இல் முழுச் சட்டமாகவும் வந்தது. தில்லி, பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஐந்தையும் தொட்டு உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. 1,483 சதுர கிலோமீட்டர் தில்லியை மட்டும் துடைத்துப் பயனில்லை, தலைநகர் மண்டலத்தின் 55,000 சதுர கிலோமீட்டரையும் ஒன்றாகவே பார்க்க வேண்டும் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. பெட்கோக், உலை எண்ணெய் என்ற இரண்டு எரிபொருள்களையும் 2017 அக்டோபரில் ஹரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் மூன்றிலும் ஒரே நேரத்தில் உச்ச நீதிமன்றம் தடுத்தபோது அது வேலை செய்தது. ஆலைக்காரருக்கு எல்லை தாண்டி ஓட இடமில்லை. தடை விதிப்பதில் இந்த ஒற்றுமை சாத்தியமென்றால் செலவில் ஏன் இல்லை?

என் கோரிக்கை இதுதான். நெல்தாளை எடுக்கும் செலவு, சூளையை மாற்றும் செலவு, பானிபட் பட்டறைக்குக் கொதிகலன் மாற்றும் செலவு, இவற்றில் ஒரு நிலையான பங்கைத் தில்லியின் பட்ஜெட் ஏற்க வேண்டும். தானமாக வேண்டாம், கட்டணமாக. தில்லிக்குள் வரும் லாரிகளிடம் 2015 முதல் சுற்றுச்சூழல் ஈட்டுக் கட்டணம் வாங்குகிறோம். அந்தப் பணம் தில்லிக்குள்ளேயே சுற்றாமல் புகை கிளம்பும் இடத்துக்குப் போகட்டும். ஜஜ்ஜர் நிலையத்தில் நமக்கிருக்கும் கால் பங்கு உரிமையை வைத்து, கந்தகக் கருவிக்குக் கெடு நீட்டாதே என்று கேட்கலாமே. அதற்காக மின்கட்டணத்தில் யூனிட்டுக்குச் சில காசு ஏறினால், நாலு மாதம் முகக்கவசமும் காற்றுச் சுத்திகரிப்பானும் வாங்கும் வீடுகள் அதைக் கொடுக்க முடியாதவை இல்லை.

பஞ்சாப் விவசாயிக்கும் ஒரு பங்கு உண்டு. மாற்றுப் பயிருக்குக் கொள்முதல் உறுதி கிடைத்த பிறகும், மிஷின் கிடைத்த பிறகும் கொளுத்தினால் அது அவர் பொறுப்பு. இன்று அந்த உறுதி கிடைக்கவில்லை. அது மத்திய அரசின் வேலை, பல ஆண்டுகளாகப் பேசி விட்டுவிட்ட வேலை.

கட்சிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தில்லியில் ஒரு கட்சியும் பஞ்சாபில் வேறு கட்சியும் இருந்தபோது புகை பஞ்சாபிலிருந்து வந்தது. இரண்டிலும் ஒரே கட்சி வந்ததும் புகை ஹரியானாவிலிருந்து வர ஆரம்பித்தது. 2025இல் தில்லியில் ஆட்சி மாறியதும் மறுபடி பஞ்சாபுக்கே திரும்பிவிட்டது. காற்றின் திசை என்னவோ மாறவில்லை.

குடியிருப்போர் சங்கங்களுக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் நானும் உட்கார்ந்திருக்கிறேன். தில்லி ஒரு நாளில் சுமார் 11,000 டன் குப்பை போடுகிறது. ஈரக்குப்பையையும் உலர்குப்பையையும் பிரித்துத்தான் தர வேண்டும் என்று 2016 விதியே சொன்னது. எங்கள் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தால், ‘வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்’ என்பார்கள். உண்மைதான். பிரித்துக் கொடுக்காதவரை தனி வண்டி அனுப்பிப் பயனில்லை என்பது மாநகராட்சியின் பதில். அதுவும் உண்மைதான். இரண்டு உண்மைக்கும் நடுவே காஜிப்பூர் 65 மீட்டர் வளர்ந்தது. யாராவது ஒருவர் முதலில் தொடங்கினால்தான் மற்றவரைக் கேள்வி கேட்க முடியும். கறிகாய்த் தோலைத் தனியாக வைப்பதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டியதில்லை.

காற்று மோசமானால் ‘கிராப்’ என்ற படிப்படிக் கட்டுப்பாடு வருகிறது. உச்சகட்டத்தில் கட்டட வேலை நிற்கும். நகரத்துக்கு மூச்சு, சித்தாளுக்குப் பட்டினி. வேலை நிறுத்தப்படும் நாட்களுக்குத் தொழிலாளர் நல வரிப் பணத்திலிருந்து உதவித்தொகை தர வேண்டும் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அது பதிவு செய்தவர்களுக்கு மட்டும். உங்கள் தெருவில் வீடு கட்டும் மேஸ்திரியிடம் எத்தனை பேருக்கு அட்டை இருக்கிறது என்று கேளுங்கள். பதிவு செய்ய உதவுவது எந்தச் சங்கத்துக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

தில்லித் தமிழர்களுக்கு இந்தத் தள்ளிவைத்தல் தூரத்துச் செய்தியும் அல்ல. ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் ஓரத்தில் மதராசி கேம்ப் இருந்தது. அரை நூற்றாண்டாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த இடம். பெண்கள் சுற்றுவட்டார வீடுகளில் வேலை செய்தார்கள். மழைக்கு முன்னால் வடிகாலைத் தூர்வார வேண்டும், வழியில் ஆக்கிரமிப்பு கூடாது என்ற உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2025 ஜூன் 1 அன்று புல்டோசர்கள் வந்தன. சுமார் 370 வீடுகள். மாற்று வீட்டுக்குத் தகுதி என்று கண்டது 189 குடும்பங்களை. ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பிழைப்பு இங்கே இருக்கும்போது ஊருக்குப் போய் என்ன செய்வது?

வடிகால் சுத்தமாக வேண்டியதுதான். அதை அடைத்தது அந்த 370 வீடுகள் மட்டும்தானா, தெற்கு தில்லியின் பெரிய வீடுகளிலிருந்து அதில் இறங்கும் சாக்கடைக்கு யார் கணக்குக் கேட்டார்கள் என்பதை நம் சங்கங்கள் கேட்டிருக்க வேண்டும். இனியாவது கேட்கலாம். ஜங்புராவில் வீட்டுவேலை செய்தவர்களுக்கு வேலைக்கு வந்துபோகப் பேருந்து வேண்டும், பிள்ளைகளுக்குப் பக்கத்தில் பள்ளி வேண்டும். விலக்கப்பட்ட மீதிக் குடும்பங்களின் ஆவணங்களை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகப் போக இந்தி தெரிந்த தமிழர்கள் வேண்டும். நம்மில் ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்கா பஞ்சம்?

அந்த 189 குடும்பங்களுக்கும் ஒதுக்கிய வீடுகள் ஜங்புராவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, நரேலாவில். நகரத்தின் ஆலைகளை ஒதுக்கிவைத்த, குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் இயங்கும் பவானாவுக்கு அடுத்த ஊர்.